வாசகர் கேள்வி – பதில்: மூன்று முறை பூசியும் உதிரும் தளம்

கேள்வி: ஐயா, வேளாங்கண்ணிக்குப் பக்கத்தில், கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தூரத்தில் எங்கள் வீடு. 2006-ல் கட்டியது. அடுப்படித் தளத்தின் அடிப்பக்கம் பொரிந்து பொரிந்து விழுகிறது, கம்பி தெரிகிறது. கொத்தனார் மூன்று தடவை கொத்திப் பூசிவிட்டார். பூசிய இடம் நன்றாகத்தான் இருக்கிறது, அதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் புதிதாக விழுகிறது. போன வாரம் சோற்றுப் பானைக்குப் பக்கத்திலேயே ஒரு துண்டு விழுந்தது. கொத்தனார் வேலை சரியில்லையா, இல்லை கம்பியே மட்டமா?
ஒரு வாசகி, நாகை மாவட்டம்

பதில்: முதலில் அடுப்பை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் அம்மா, மற்றதை அப்புறம் பேசலாம். அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம். தளத்துக்கு அடியில் பலகை கொடுத்துச் சவுக்குக் கட்டையால் முட்டு வையுங்கள். கொத்தக் கொத்தக் கம்பிக்குப் பிடிமானம் போய்விடும், அதனால் முட்டு இல்லாமல் உளியை வைக்க எந்தக் கொத்தனாரையும் விடாதீர்கள்.

கொத்தனார் மேல் தப்பு பாதிதான். பூசிய இடம் நன்றாக இருக்கிறது, பக்கத்தில்தான் விழுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், இந்த நோயின் அடையாளமே அதுதான். நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி லேசில் துருப்பிடிக்காது, சிமெண்டின் காரத்தில் அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகிக் காப்பாற்றும். உப்பில் இருக்கும் குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துவிடுகிறது. துளைபட்ட இடம் கரையும்போது சுற்றியிருக்கும் கம்பி அதன் புண்ணியத்தில் தப்பித்துக்கொள்கிறது, பேட்டரியில் ஒரு முனை கரைய இன்னொரு முனை கரையாமல் இருப்பது மாதிரி. நீங்கள் கரைந்த இடத்தைச் சுரண்டிப் புது சிமெண்ட் பூசியதும் அது பத்திரமாகிவிடுகிறது, இதுவரை தப்பித்து வந்த பக்கத்துக் கம்பி, உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டுக்குள்ளேயே இருப்பதால், இப்போது கரையும் முனையாகிறது. துரு இரும்பைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் பிடிக்கும், அது நெட்டித் தள்ளியதுதான் உங்கள் சோற்றுப் பானை அருகே விழுந்த துண்டு. இதில் கொடுமை என்னவென்றால் உப்பு செலவாவதே இல்லை, இரும்பைக் கரைத்துவிட்டு விடுபட்டு மறுபடி கரைக்க வந்துவிடும்.

எங்கள் வீட்டுச் சன்ஷேடில் நானே இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பூசி, பெயிண்டும் அடித்துப் பெருமையாக நின்றேன். இரண்டு ஐப்பசி மழை தாங்கியது. மறுபடி உடைத்துப் பார்த்தபோது கம்பியை ஒட்டிக் கறுப்பும் பச்சையுமாக ஈரக் களிம்பு மாதிரி இருந்தது, டீ குடித்துவிட்டு வருவதற்குள் காற்றுப் பட்டுச் செங்காவி நிறமாகிவிட்டது. கம்பியில் குண்டூசிக் குழி குழியாக இருந்தது, உப்பு அந்தக் குழிக்குள்தான் உட்கார்ந்திருக்கும்.

சரி, என்ன செய்வது? உப்பு எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். கடல்காற்றில் வெளியிலிருந்து ஏறியதா, கட்டும்போதே உவர்ப்பு போர்த் தண்ணீரோடு உள்ளே போனதா? தளத்தில் துளை போட்டு முதல் 25 மி.மீ. தூள் தனியாக, அடுத்த 25 தனியாக, அதற்கடுத்ததும் தனியாக எடுத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் குளோரைடு பார்க்கச் சொல்லுங்கள். வெளிப்பக்கம் அதிகமாக இருந்து உள்ளே போகப் போகக் குறைந்தால் காற்றில் வந்தது. எல்லா ஆழத்திலும் ஒரே மாதிரி இருந்தால் தண்ணீரிலோ மணலிலோ வந்தது, அப்படியானால் ஒட்டுப் போடும் வேலைக்கு முடிவே கிடையாது, தளத்தை எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதே கடைசியில் மலிவாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

காற்றில் வந்த உப்பு என்றால் காப்பாற்றலாம். விழுந்த இடத்தை மட்டும் கொத்தாமல், சுத்தியலால் தட்டிப் பார்த்து டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வரும் இடமெல்லாம், அதைத் தாண்டி நல்ல கம்பி தெரியும்வரை கொத்துங்கள். கம்பிக்குப் பின்னாலும் கொத்த வேண்டும், ஆள்காட்டி விரல் புகுந்து வர வேண்டும், நம் ஆட்கள் சோம்பல்படுவது இங்கேதான். அப்புறம் மணல் பீய்ச்சியோ பிரஷ்ஷாலோ கம்பி பளிச்சென்று தெரியும்வரை துருவை எடுத்து, நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிக் காயவிடுங்கள். மறுநாள் காலையில் பாருங்கள், கம்பியில் பழுப்புப் புள்ளி பூத்திருந்தால் குழிக்குள் இன்னும் உப்பு இருக்கிறது, மறுபடி கழுவுங்கள்.

கம்பியின் தடிமனை மெலிந்த இடத்தில் அளந்து பாருங்கள். 8 மி.மீ. கம்பி 7 ஆகியிருந்தால் ஒரு மில்லிதானே என்று தோன்றும், ஆனால் வெட்டுப்பரப்பில் கிட்டத்தட்ட கால்வாசி போயிருக்கும். அங்கே பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும், இருபுறமும் நல்ல கம்பியோடு ஒன்றரை அடிக்குக் குறையாமல் சேர்ந்து ஓடவேண்டும், கணக்கைப் பொறியாளர் பார்க்கட்டும். பூச்சுக்கு வெறும் சிமெண்ட் மணல் போதாது, லேடெக்ஸ் கலந்த ரிப்பேர் கலவை வேண்டும், அதையும் ஒரே அப்பாக அப்பாமல் மெல்லிய அடுக்குகளாக. பூச்சைச் சில நாள் ஈரமாகவே வைத்திருக்கும் கியூரிங்குக்கும் நல்ல தண்ணீர்தான், போர்த் தண்ணீரை ஊற்றினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஒட்டின் ஓரத்தில் மறுபடி விழாமலிருக்க ஒரு வழி உண்டு. இரும்புப் படகின் அடியில் புரொப்பல்லர் பக்கத்தில் துத்தநாகக் கட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள், இரும்புக்குப் பதிலாக அது கரையும். அதே மாதிரி சின்னக் கட்டிகள் கான்கிரீட்டுக்கென்றே வருகின்றன, ஒட்டின் விளிம்பை ஒட்டிக் கம்பியோடு இறுக்கிக் கட்டி மூடிவிடலாம். செலவு அதிகம்தான், ஆனால் மூன்று முறை பூசிய கூலியைக் கூட்டிப் பாருங்கள்.

கேள்வி: கடற்கரை மணலை நன்றாகக் கழுவிக் கான்கிரீட்டுக்குப் போடலாமா? போர்த் தண்ணீர்?
ஒரு வாசகர், பூம்புகார்

பதில்: மணலை வேண்டாம், வீட்டில் கழுவுகிற கழுவலுக்கு உப்பு போனதா என்று தெரியாது. தண்ணீரைச் சோதித்துவிட்டுப் பயன்படுத்தலாம். கம்பி போடும் கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் குளோரைடுக்கு மேல் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 456. கடல் தண்ணீரில் அது சுமார் 19,000.

கேள்வி: தரங்கம்பாடிக் கோட்டை கடலோரத்திலேயே நிற்கிறதே, நம் வீடு மட்டும் ஏன் இருபது வருஷத்தில் உதிர்கிறது? புது வீட்டுக்குப் பூச்சுப் பூசிய கம்பி வாங்கலாமா?
ஒரு வாசகர், காரைக்கால்

பதில்: அந்தக் கோட்டை 1620-ல் கட்டியது, அதற்கு வேறு நோய் வரலாம், இந்த நோய் வராது, உள்ளே கம்பியே கிடையாது. பூச்சுக் கம்பி வாங்கலாம், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்கூடக் கம்பிக்கென்று சிமெண்ட் பாலிமர் பூச்சு கண்டுபிடித்திருக்கிறது. ஆனால் வளைக்கும்போதும் இழுக்கும்போதும் பூச்சு உரிந்தால் உரிந்த இடத்தில் துரு ஆரம்பித்துவிடும். அதைவிட முக்கியம் கம்பிக்கு அடியில் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது என்பது. இதைத்தான் கவர் என்பார்கள். கடலோரத்துக்கு 45 மி.மீ. கவரும், எம்30 தரக் கான்கிரீட்டும் அதே ஐ.எஸ். 456-ல் சொல்லியிருக்கிறார்கள், நம்மூரில் தளத்துக்கு 20 வைத்தாலே பெரிய விஷயம், அதுவும் கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டையை வைக்காமல் ஒரு ஜல்லியை எடுத்துக் கம்பிக்கு அடியில் சொருகிவிடுவார்கள், கலவை கொட்டும்போது நாலு பேர் மிதித்தால் அது எங்கோ உருண்டுவிடும். கொட்டுவதற்கு முன்னால் ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு நீங்களே சென்ட்ரிங் பலகை மேல் ஏறிப் பாருங்கள். மேஸ்திரி முகம் சுளிப்பார், டீ வாங்கிக் கொடுங்கள்.