ஃபேன் பெல்ட் அறுந்தால் என்ன செய்வது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: சென்ற மாதம் குடும்பத்தோடு போடியிலிருந்து மூணாறுக்குக் காரில் சென்றோம். மலை ஏறும்போது பானட்டுக்குள் ஏதோ படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. உடனே பேட்டரி விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் மிகவும் கனத்துவிட்டது. எஞ்சின் நிற்காமல் ஓடியதால், பேட்டரிக் கோளாறு என்று எண்ணி போடிமெட்டு வரை ஓட்டினோம். அதற்குள் வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் போய், ஆவி வரத் தொடங்கியது. ஃபேன் பெல்ட் அறுந்திருந்தது. இப்போது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரு பெல்ட்டுக்காக எஞ்சினையே பிரிக்க வேண்டுமா?
– வாசகர், தேனி

பதில்: பெல்ட் அறுந்ததால் எஞ்சின் கெடவில்லை, அறுந்த பிறகும் மலை ஏறியதால் கெட்டிருக்கக்கூடும். எஞ்சினோடு சுழலும் சக்கரமான கிராங்க் புல்லியிலிருந்து சுழற்சியை எடுத்து, பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டர், தண்ணீரைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், உங்கள் காரைப் போன்ற வண்டிகளில் பவர் ஸ்டியரிங் பம்ப் ஆகிய எல்லாவற்றையும் ஓட்டுவது அந்த ஒரே பெல்ட்தான். அது அறுந்ததும் மின்னேற்றம் நின்றது, அதனால் பேட்டரி விளக்கு எரிந்தது. ஸ்டியரிங்குக்கு உதவிய எண்ணெய் அழுத்தம் போனது, அதனால் கைக்குக் கனத்தது. இவை இரண்டும் கண்ணுக்கும் கைக்கும் உடனே தெரிந்தன. தண்ணீர் சுற்றுவது நின்றதுதான் உடனே தெரியவில்லை. பெயர் ஃபேன் பெல்ட் என்றாலும், ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடுவதால் அதன் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் சூடான தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்தால்தானே விசிறி அதைக் குளிர்விக்க முடியும்? முழுச் சுமையோடு மேடு ஏறும் எஞ்சின் இந்த நிலையில் சில நிமிடங்களிலேயே கொதித்துவிடும்.

ஆகவே, ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால், ஊர் எவ்வளவு அருகில் இருந்தாலும், பாதுகாப்பான இடம் பார்த்து ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். ஸ்டியரிங் கனத்தாலும் இரு கைகளாலும் வலுவாகத் திருப்பினால் திரும்பும்; அச்சப்பட வேண்டாம். பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள், ஆனால் ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்), மூடி திறந்த கணமே ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். எஞ்சின் சூடானால் ஹீட்டரைத் திருகிவைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. பம்ப் நின்றுபோன எஞ்சினில் ஹீட்டருக்கும் தண்ணீர் வராது என்பதால் அதனால் பயன் அநேகமாக இல்லை. தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033 என்ற எண்ணை அழைத்து உதவி கேட்கலாம்.

சில எஞ்சின்களில் வாட்டர் பம்ப்பை ஓட்டுவது உள்ளே இருந்து வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட். அவற்றில் வெளிப் பெல்ட் அறுந்தாலும் எஞ்சின் உடனே சூடாகாது, விளக்கு, ஏ.சி. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரத்தைக் கொண்டு பகலில் சிறிது தூரம் போகலாம். ஆனால் உங்கள் வண்டி எந்த வகை என்று உறுதியாகத் தெரியாமல் இதைச் செய்யவே கூடாது.

ஹெட்டைக் கழற்றுவதற்குச் சம்மதிக்கும் முன், அதற்கான காரணத்தைக் காட்டும்படி கேளுங்கள். அலுமினிய ஹெட் அதிகச் சூட்டில் வளையும், அதன் அடியில் கசிவைத் தடுக்கும் தகடான கேஸ்கெட் கசியும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பியைப் போல மாறியிருக்கிறதா, புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வருகிறதா, கூலன்ட் தொட்டியில் குமிழி விடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூலன்ட் அமைப்பில் அழுத்தம் ஏற்றி அது நிற்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். இவற்றில் குறை எதுவும் தெரியாவிட்டால், புதுப் பெல்ட்டும் கூலன்ட்டும் போட்டு அருகிலேயே ஓட்டிப் பார்த்துக் கண்காணிப்பதுதான் சரியான முதல் படி. குறை தெரிந்தால் தயங்காமல் ஹெட்டைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய ஹெட் எவ்வளவு வளைந்திருக்கிறது என்று நேர்விளிம்புக் கம்பி வைத்து உங்கள் முன்னாலேயே அளக்கட்டும்.

கேள்வி: ஒரே ஆண்டில் இரண்டாவது முறையாகப் பெல்ட் மாற்றியிருக்கிறேன். மழை நாளில் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது இன்னும் கீச்சென்று கத்துகிறது. மெக்கானிக் ஏதோ ஸ்பிரே அடித்தார். ஒரு வாரம் நின்று மறுபடி தொடங்கிவிட்டது.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அந்த ஸ்பிரேயை இனி அடிக்க விடாதீர்கள். அது ஒட்டும் பிசினாகப் படிந்து சத்தத்தைச் சில நாள் மறைக்கிறது. தூசியைப் பிடித்துவைத்துப் பெல்ட்டையும் கெடுக்கிறது. நல்ல பெல்ட் பல பத்தாயிரம் கிலோமீட்டர் உழைக்கக்கூடியது. ஓராண்டுக்குள் இரண்டு போயின என்றால் குறை பெல்ட்டைச் சுற்றியுள்ள பாகங்களில்தான் இருக்கிறது என்று நம்புகிறேன். பெல்ட்டை மட்டும் மாற்றிக் கொடுத்து அனுப்புவதை முழுமையான வேலையாக நான் ஏற்கமாட்டேன்.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆகியவற்றின் பேரிங் கரகரவென்று உரசினாலோ, புல்லி பக்கவாட்டில் ஆடினாலோ, அதை மாற்ற வேண்டும். ஆல்டர்னேட்டர் பேரிங் இறுகியிருந்தால் பெல்ட் வழுக்கிச் சூடாகித் தேயும். கிராங்க் புல்லியின் நடுவிலுள்ள ரப்பர் வளையம் விட்டுப்போனால் புல்லி கோணலாகச் சுழலும். இதைப் பலர் கவனிப்பதில்லை. மேலிருந்து ஆயிலோ கூலன்ட்டோ சொட்டுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு எளிய சோதனை உண்டு. எஞ்சின் ஓடும்போது, தளர்வான துணியும் தலைமுடியும் அருகில் செல்லாதபடி எட்ட நின்று, பெல்ட்டின் வரிகள் உள்ள உள்பக்கத்தில் சிறிது தண்ணீரைத் தெளிக்கச் செய்யுங்கள். சத்தம் சற்று அடங்கிப் பின் திரும்பினால் புல்லிகள் ஒரே கோட்டில் இல்லை. உடனே அதிகமானால் இறுக்கம் போதவில்லை. மழை நாளில் கத்துகிறது என்று நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதையே காட்டுகிறது. டென்ஷனரிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்.

இக்காலத்து ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் பெல்ட்டுகள் பழையவற்றைப் போல எளிதில் வெடிப்பதில்லை. டயரைப் போல வரிகள் தேய்ந்து பள்ளங்கள் அகலமாகின்றன. வெடிப்பு இல்லை என்பதால் நல்ல பெல்ட் என்று சொல்லிவிட முடியாது.

கேள்வி: உபரிப் பெல்ட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா? எந்த அளவு?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட்டின் முதுகில் 6பிகே1230 என்பது போல அச்சிட்டிருக்கும்: ஆறு வரிகள், 1230 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். ஒரே மாடலில் ஏ.சி. உள்ளதற்கும் இல்லாததற்கும் நீளம் மாறலாம் என்பதால் பழையதன் எண்ணைப் பார்த்தே வாங்குங்கள். டென்ஷனர் இல்லாமல், தன் நீளும் தன்மையாலேயே இறுக்கமாக நிற்கும் பெல்ட்டுகளைத் தனிக் கருவி இல்லாமல் மாட்ட முடியாது.

கேள்வி: எங்கள் பழைய டீசல் வண்டியில் பெல்ட் அறுந்தபோது பிரேக் பெடலும் மிதிக்க முடியாதபடி இறுகிவிட்டது. பெல்ட்டுக்கும் பிரேக்குக்கும் என்ன தொடர்பு?
– வாசகர், ஆத்தூர்

பதில்: உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி இது. பெட்ரோல் எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் வெற்றிடமே, கால் மிதிக்கு வலுச் சேர்க்கும் பிரேக் பூஸ்டருக்குப் பொதுவாகப் போதும். டீசல் எஞ்சினில் அது கிடைக்காது என்பதால் தனி வெற்றிடப் பம்ப் வைக்கிறார்கள். நம் ஊர்ப் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் பின்னாலேயே பொருத்தப்பட்டிருக்கும். பெல்ட் அறுந்தால் அதுவும் நிற்கும். பூஸ்டரில் மிச்சமுள்ள வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளுக்கே வரும்; எனவே விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து வண்டியை நிறுத்த வேண்டும். அந்தப் பம்ப்புக்குப் போகும் ஆயில் குழாய் கசிந்தால் ஆயில் பெல்ட்டின் மீதே விழுந்து அதை ஊறவைத்துவிடும். உங்கள் பெல்ட் அறுந்ததற்கே அதுதான் காரணமா என்று பாருங்கள். புதுப் பெல்ட் மாட்டிய பின், எஞ்சின் அணைந்த நிலையில் பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் சற்றே கீழிறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியே எடுக்காதீர்கள்.