ஸ்டிக் பின் கேள்வி-பதில்: முகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்டிக் பின்னின், அதாவது நீண்ட ஊசியின் உச்சியில் அலங்காரத் தலை வைத்த நகையின், முகத்தை மட்டும் படமெடுத்து அனுப்பி, "எந்தக் காலம், என்ன விலை போகும்?" என்று கேட்பவை. முகத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது. தலையின் பின்பக்கம், தலையும் ஊசியும் சேரும் கழுத்து, ஊசியின் முழு நீளம், இந்த மூன்றும் தெரிந்தால்தான் பேசவே முடியும். அப்படி அனுப்பியவர்களுக்கும், பொதுவாகப் பதில் சொல்ல முடிந்தவர்களுக்குமான பதில்கள் இவை.

ஊசியின் மேல் பகுதியில் திருகாணி மாதிரி வரிகள் ஓடுகின்றன. யாராவது பிற்பாடு செய்த வேலையா?

இல்லை. துணியில் வழுக்காமல் நிற்பதற்காகச் செய்யும்போதே முறுக்கியது. 19ஆம் நூற்றாண்டுப் பின்களில் சாதாரணமாகக் காணலாம். ராவி வழவழப்பாக்கிவிடாதீர்கள்.

1910 வாக்கில் செய்த கெம்புப் பின் என்று வாங்கினேன். லென்ஸில் பார்த்தால் கல்லுக்குள் வளைந்த கோடுகள் தெரிகின்றன. ஏமாந்துவிட்டேனா?

கல் செயற்கை. பின் பொய் என்று அதனால் ஆகிவிடாது. வெர்னுய் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை 1902இல் அறிவித்தார். சில வருடங்களிலேயே அந்தக் கற்கள் நல்ல நகைகளில்கூட ஏறிவிட்டன. எனவே 1910ஆம் வருடத்துப் பின்னில் அது முதலிலேயே வைத்த கல்லாக இருக்கலாம். இயற்கைக் கெம்புக்கான விலை கொடுத்திருந்தால் போய்ச் சண்டை போடுங்கள். 1880 என்று சொல்லி விற்றிருந்தால் கல்லை மாற்றியிருக்கிறார்கள், அல்லது தேதி தவறு.

"விக்டோரிய காலத்து சாவோரைட் பின்" விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

அந்தப் பெயரை நம்பி வாங்காதீர்கள். சாவோரைட் என்ற பச்சை கார்னெட் கல் 1967இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. விக்டோரியா ராணி இறந்தது 1901இல். அந்தக் காலத்துப் பச்சை கார்னெட் என்றால் அது யூரல் மலையிலிருந்து வந்த டிமான்டாய்ட். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். குதிரைவால் போல விரியும் பொன்னிற இழைகள் கல்லுக்குள் தெரிந்தால், விற்பவருக்கே தான் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரியவில்லை. அப்போது வேறு பேச்சு. ஆனால் முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள்.

"15" என்று மட்டும் முத்திரை இருக்கிறது.

பிரிட்டனில் 15 காரட் தங்கம் 1854 முதல் 1932 வரைதான் தர அளவாக இருந்தது. உங்கள் பின் பிரிட்டிஷ் வேலையாக இருந்தால் அந்த எண்பது வருடங்களுக்குள் எங்கோ செய்தது. முத்திரையே இல்லை என்று கவலைப்பட்டு எழுதியிருக்கும் இன்னொருவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இவ்வளவு சின்ன நகையில் முத்திரை இல்லாமலிருப்பது குறையே இல்லை.

பின்னாகக் குத்திக்கொள்ள சந்தர்ப்பம் வருவதில்லை. நீல எனாமலும் நடுவில் முத்தும் வைத்த தலை. ஊசியை வெட்டிவிட்டு மோதிரமாக்கித் தருவதாக ஆசாரி சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. இதை எத்தனை முறை எழுதினாலும் அடுத்த மாதம் யாராவது கேட்கிறார்கள், அதனால் இந்த முறை காரணங்களை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் காரணம் நெருப்பு. வளையத்தைப் பற்றவைக்க அந்தத் தலைக்குப் பக்கத்தில் சுடரைக் காட்ட வேண்டும். எனாமல் என்பது உலோகத்தின் மேல் உருக்கிப் பிடிக்கவைத்த கண்ணாடி. சீரில்லாத சூடு பட்டால் விரிசல் விடும். முத்து கருகும். ஓபல் வெடிக்கும். லேசர் வைத்துப் பற்றவைத்தால் சூடு குறையும், உண்மைதான். ஆனால் மற்ற காரணங்கள் அப்படியே நிற்கின்றன.

இரண்டாவது, அந்தத் தலை விரலுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மார்பில் ஒரே இடத்தில் அசையாமல் இருக்கப்போகிற நகை என்று நினைத்துத்தான் மெல்லிய எனாமலையும் முத்தையும் மேலே துருத்திக்கொண்டு நிற்கும்படி வைத்தார்கள். மோதிரமானால் கதவிலும் மேசையிலும் நாள் முழுக்க இடிபடும். க்ளோஸ்டு செட்டிங், அதாவது கல்லின் பின்புறத்தை உலோகத்தால் மூடிய அமைப்பு என்றால் இன்னும் மோசம். கை கழுவும்போதெல்லாம் கல்லுக்கு அடியில் தண்ணீர் இறங்கி, அங்கே வைத்திருக்கும் பளபளப்புத் தகடு கறுத்து, கல் செத்துப்போகும். அந்தத் தகட்டைப் பழையபடி கொண்டுவரவே முடியாது.

மூன்றாவதுதான் எனக்கு ஆறவே ஆறாதது. ஊசி என்பது அந்த நகையின் சாட்சி. அதன் நீளம், முறுக்கு, தலையோடு சேர்ந்த விதம், சில சமயம் முத்திரை, எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பெரும்பாலும் ஒரு கிராம் கூடத் தேறாத அந்தத் தங்கத்தை வெட்டி உருக்கிவிட்டால், மிச்சமிருப்பது காலமும் ஊரும் இல்லாத ஒரு குட்டித் தலை. நூறு வருடம் தாண்டி முழுசாக வந்த பொருள் பத்து நிமிட வேலையில் போய்விடுகிறது. இப்படி வெட்டி வெட்டி நல்ல பின்கள் குறைந்ததும் எதிர்த் திசையில் இன்னொரு கூத்து நடக்கிறது. பழைய சட்டைப் பொத்தான், ஒற்றைக் கம்மல், உடைந்த ப்ரோச்சின் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் புது ஊசியில் ஒட்டி, பழைய ஸ்டிக் பின் என்று விற்கிறார்கள். கழுத்தைப் பாருங்கள். சாம்பல் நிற ஈயப் பற்று வழிந்திருந்தால், ஊசியின் நிறமும் தேய்மானமும் தலையோடு ஒட்டவில்லை என்றால், தலையின் பின்புறத்தில் பழைய கொக்கியோ வளையமோ இருந்து ராவிய தடம் தெரிந்தால், வாங்காதீர்கள்.

குத்திக்கொள்ளச் சந்தர்ப்பம் இல்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். கோட்டுக் காலர், சால்வை, தொப்பி நாடா, எதிலும் நிற்கும். முனையில் ஒரு காப்புக் குமிழ் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் வேண்டாமென்றால் பின்னை அப்படியே விற்றுவிட்டு ஒரு மோதிரம் வாங்குங்கள்.

எனாமலில் ஓரத்தில் சின்ன உதிர்வு. அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்துவிட்டுச் சரிசெய்யலாமா?

அல்ட்ராசோனிக் என்பது அதிர்வால் அழுக்கை உதிர்க்கும் இயந்திரம், அதில் போட்டால் உதிர்வு பெரிதாகும். போடவே கூடாது. மறுபடி எனாமல் சுட வேண்டுமென்றால் சுமார் 800 டிகிரி செல்சியஸ் சூடு, எல்லாக் கல்லையும் கழற்ற வேண்டும், பக்கத்து நிறமும் மாறலாம். சின்ன உதிர்வை அப்படியே விடுவது நல்லது. ரெசின் வைத்து அடைப்பதும் உண்டு. விற்கும்போது அதைச் சொல்லியே ஆக வேண்டும். அப்புறம், வாங்கும்போது லென்ஸில் எனாமலின் பரப்பு முழுவதையும் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். ரெசின் வைத்த இடம் மந்தமாக, கண்ணாடியின் கூர்மையான மினுக்கு இல்லாமல் தெரியும்.

நாய் முகம் ஒன்று கண்ணாடிக் குமிழுக்குள் மிதப்பது போல இருக்கிறது. உள்ளே எப்படி வைத்தார்கள்?

உள்ளே எதுவும் வைக்கவில்லை. மேல்பக்கம் குவிந்த, அடிப்பக்கம் தட்டையான படிகக் கல் அது. அடியிலிருந்து நாயின் உருவத்தைக் குழிவாகச் செதுக்கி, அந்தக் குழிக்குள் வண்ணம் தீட்டி, பின்னால் முத்துச்சிப்பித் தகடு வைத்து மூடுவார்கள். மேலிருந்து பார்த்தால் முழு உருவமாகத் தெரியும். 1860களில் பிரபலமான வேலை. எசெக்ஸ் கிறிஸ்டல் என்று கேட்டால் கடைக்காரர்களுக்குப் புரியும். ஆனால் வில்லியம் எசெக்ஸ் செய்தது என்று யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள். அவர் எனாமலில் நாய், குதிரை முகங்களை வரைந்தவர், படிகம் செதுக்கியவர் அல்ல. நல்ல வேலையில் காதோரத்து முடி ஒவ்வொன்றும் தனித்தனி வெட்டாக இருக்கும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக்கில் அது மழுங்கி, ஓரத்தில் அச்சுக் கோடு தெரியும். உதட்டில் வைத்துப் பாருங்கள், படிகம் சில்லென்று இருக்கும்.

1890இல் ரஷ்ய நகைக்காரர் ஃபேபர்ஜேயின் பட்டறையில் செய்த பின், ரஷ்யப் பெண் தலை முத்திரையும் 56 என்ற எண்ணும் உண்டு. அசல் பெட்டியும் தருகிறார்களாம்.

56 என்பது ஏறக்குறைய 14 காரட், சரி. ஆனால் அந்தப் பெண் தலை முத்திரை 1899 வாக்கில்தான் வந்தது. 1890 என்ற தேதி அங்கேயே விழுந்துவிட்டது. பெட்டி எதற்கும் ஆதாரமில்லை, பெட்டியைத் தனியாகவும் வாங்கலாம்.

சிவப்பு கார்னெட்டா, கண்ணாடியா?

படம் இல்லை, அளவு இல்லை, செட்டிங் திறந்ததா மூடியதா என்றுகூட எழுதவில்லை. சரி, பொதுவாகச் சொல்கிறேன். கண்ணாடிக்கு மேல் மெல்லிய கார்னெட் சீவலை ஒட்டவைத்த இரட்டைக் கல்லும் அந்தக் காலத்தில் ஏராளம், எந்த நிறத்திலும் வரும். விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்து மேல் பட்டைகளைப் பாருங்கள். குறுக்கே ஒரு கோடு ஓடி, அதற்கு மேல் ஒரு மினுக்கும் கீழே வேறு மினுக்கும் தெரிந்தால் அது இரட்டைக் கல்.

முத்துப் பின்னைச் சோப்புத் தண்ணீரில் கழுவலாமா?

வேண்டாம். லேசாக ஈரமாக்கிய மெல்லிய துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். எந்தப் பழைய பின்னையும் தண்ணீரில் முக்காதீர்கள்.