ஊரே இடம் மாறும் சிம்ப்சன்ஸ் எபிசோட்

வணக்கம் நண்பரே. குப்பை அள்ளுபவர்களோடு சண்டை போட்ட அப்பா தேர்தலில் ஜெயிக்கிறார், செத்தவர்கள் பெயரில் ஓட்டு விழுகிறது, கடைசியில் ஊரே இடம் மாறுகிறது, இது எந்த எபிசோட் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் நினைவில் 'தி சிம்ப்சன்ஸ்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரின் இரண்டு எபிசோடுகள் கலந்துவிட்டன. அதனால்தான் தேடியும் கிடைக்கவில்லை.

செத்தவர் ஓட்டு வருவது 1994இல் வந்த 'சைட்ஷோ பாப் ராபர்ட்ஸ்' எபிசோடில். அந்த அப்பாவின் மகள் லிசாவின் செத்துப்போன பூனைகூட அதில் வாக்காளர்!

மற்றதெல்லாம் 'ட்ராஷ் ஆஃப் தி டைட்டன்ஸ்', 9ஆம் சீசன், 1998 ஏப்ரல். தொடரின் 200ஆவது எபிசோட். அப்பா ஹோமர் குப்பை அள்ளுபவர்களிடம் மன்னிப்புக் கேட்க மறுக்க, மனைவி மார்ஜ் அவர் கையெழுத்தைத் தானே போட்டுக் கடிதம் அனுப்புவார். அந்த ரோஷத்தில்தான் ஹோமர் ஊரின் துப்புரவு அதிகாரி பதவிக்கான தேர்தலிலேயே நிற்கிறார். 'இதையெல்லாம் வேறு யாராவது செய்யக்கூடாதா?' என்பதுதான் கோஷம். ஜெயித்ததும் ஒரு வருட பட்ஜெட்டை ஒரே மாதத்தில் காலி செய்கிறார். பிறகு பணத்துக்காக வெளியூர்க் குப்பையை வாங்கிப் பழைய சுரங்கத்தில் திணிக்கிறார். கோல்ஃப் மைதானத்தில் நிலம் வெடித்துக் குப்பை பீறிடும் காட்சி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அந்தக் குப்பையால்தான் கடைசியில் ஊரே இடம் மாறுகிறது.

வேலை தெரிந்த பழைய அதிகாரியைத் தோற்கடித்ததே அந்த ஊர் மக்கள்தான். பார்க்கும்போது அந்த அதிகாரியின் முகத்தைக் கவனியுங்கள்.