முகாமிலிருந்து திரும்பிய அண்ணனுக்குப் பிணை நிற்கலாமா?

கேள்வி: நான் திருக்கோவிலில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். 1990ஆம் ஆண்டு இடப்பெயர்வில் தமிழ்நாட்டுக்குப் படகேறிய என் பெரியம்மாவின் மகன், முப்பது ஆண்டுகளுக்கு மேல் அகதி முகாமில் வாழ்ந்துவிட்டு, மனைவி, பிள்ளைகள் இருவருடன் மூன்று மாதங்களுக்கு முன் ஊர் திரும்பியுள்ளார். அங்கே பெயின்ட் அடிக்கும் வேலை செய்தவர், இங்கே லீசிங்கில் முச்சக்கர வண்டி எடுக்க விரும்பி என்னைப் பிணை நிற்கக் கேட்கிறார். அவருடைய மனைவியான மச்சாளை, கிழமைதோறும் தவணை கட்டும் நுண்கடன் குழுவில் சேரும்படி அயலவர்கள் அழைக்கிறார்கள். இருவரும் அடையாள அட்டை பெற்றுவிட்டார்கள். முகாமில் பிறந்த 17 வயது மகளுக்கும் 12 வயது மகனுக்கும் பிரசாவுரிமைச் சான்றிதழ் இன்னும் இல்லை. என்னிடமுள்ள 400,000 ரூபா நிலையான வைப்பு அடுத்த மாதம் முதிர்வடைகிறது. நான் எப்படி உதவுவது?

பதில்: அன்புள்ள சகோதரி, பிணை நிற்க வேண்டாம். கடன் முடியும் வரை வண்டி லீசிங் நிறுவனத்துக்கே சொந்தம். தவணை தவறினால் வண்டியை எடுத்து விற்றுவிட்டு, விற்ற பணம் கடனுக்குப் போதாவிட்டால் மீதியை உங்களிடம் கேட்பார்கள். கடன் பெற்றோர், பிணை நின்றோர் விவரங்களை வைத்திருக்கும் கடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் உங்கள் பெயர் ஏறும் என்பதால், நாளை நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது குறுக்கே நிற்கலாம். அண்ணன் இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டாரா என்பதை நீங்கள் எழுதவில்லை. அதுவும் இல்லாமல் மாதத் தவணையைத் தொடங்குவது ஆபத்தானது.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருக்கிறது. தமிழ்நாட்டு முகாம்களில் நம்மவர்கள் பலர் பெயின்ட் வேலையால்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார்கள். ஏணி, ரோலர், தூரிகைகள், உரசு தாள் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, ஒரு பழைய முச்சக்கர வண்டியின் விலையில் மிகச் சிறு பங்குதான். அவருக்கு இங்கே இல்லாதது அறிமுகம். பாடசாலையிலும் கோயிலிலும் உங்களை அறிந்தவர்களிடம், வீட்டுக்கு வர்ணம் பூச நம்பிக்கையான ஆள் இருக்கிறார் என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, உங்கள் பிணைக் கையெழுத்தைவிட அவருக்குப் பெரிய உதவி.

சில காலத்துக்கு முன் மட்டக்களப்பின் படுவான்கரையில், இப்படித் திரும்பி வந்த ஒரு குடும்பத்துடன் அமர்ந்து மாதச் செலவை எழுதினேன். அந்த அம்மா ஒவ்வொரு விலையையும் இந்திய ரூபாவுக்கு மாற்றிப் பார்த்துத்தான் சொன்னார். மீன், எண்ணெய், கொப்பி, பேருந்துக் காசு என்று எல்லாம் எழுதி முடித்த பின் பார்த்தால், பட்டியலில் அரிசி இல்லை. முகாமில் அரிசி அளந்து கொடுக்கப்பட்டதால், அரிசியும் காசு கொடுத்து வாங்கும் பொருள் என்பது அவர் கணக்கில் வரவேயில்லை. 2021இல் உயர்த்தப்பட்ட பிறகும் முகாமில் குடும்பத் தலைவருக்குக் கிடைத்தது மாதம் 1,500 இந்திய ரூபாதான் என்றாலும், அது மாதாமாதம் வந்துவிடும். இங்கே அப்படி வரும் பணமும் இல்லை, அரிசியும் இல்லை. ஆகவே உங்கள் உதவியும் மொத்தமாக அன்றி மாதாமாதம் போய்ச் சேர வேண்டும் என்பதே என் கருத்து.

வைப்பு முதிர்ந்ததும் 250,000 ரூபாவை உங்கள் பெயரிலேயே மீண்டும் வைப்பிலிடுங்கள், அதைத் தொடாதீர்கள். மீதி 150,000 ரூபாவைத் திரும்பி வராத பணமாகவே மனதில் எழுதிக்கொண்டு சேமிப்புக் கணக்கில் போடுங்கள். அதிலிருந்து ஒன்பது மாதங்களுக்கு 8,000 ரூபா வீதமும், ஐப்பசி, கார்த்திகை, மார்கழி ஆகிய மூன்று மாதங்களுக்கு 16,000 ரூபா வீதமும் கொடுத்தால் ஆண்டுக்கு 120,000 ரூபா ஆகும். மாரி மழையில் வெளிச்சுவருக்கு வர்ணம் பூச முடியாது, வட்டையிலும் (வயல்வெளியிலும்) எல்லா நாளும் கூலிவேலை கிடைக்காது என்பதால்தான் அந்த மூன்று மாதங்களுக்கு இரட்டிப்பாக வைத்திருக்கிறேன். தைப்பொங்கலுக்கு முன்பும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்பும் அவருக்கு வேலை கூடும். அப்போது தொகையைக் குறைக்கவும் செய்யலாம்.

மிஞ்சும் 30,000 ரூபாவில் முதற்செலவு பிள்ளைகளின் ஆவணங்களுக்கு. வண்டியைவிடவும் வீட்டைவிடவும் இதுவே அவசரம் என்று கருதுகிறேன். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு வம்சாவளிப் பிரசாவுரிமை பெற, பிறப்பை ஓராண்டுக்குள் பதிவு செய்திருக்க வேண்டும். தவறினால் தாமதத்துக்கான காரணத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் மகளால் அடையாள அட்டை எடுக்க முடியாது. அடையாள அட்டை இல்லாவிட்டால் பரீட்சை, வேலை, வங்கி என்று போகும் இடமெல்லாம் தடை வரும். இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இலங்கைப் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், முகாம் பதிவு ஆகியவற்றை ஒன்றாகத் திரட்டி, பத்தரமுல்லையிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கு ஒரு தடவை நீங்களும் கூடப் போய்வாருங்கள். தரகர்களிடம் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம். வறிய குடும்பங்களுக்கு அரசு வழங்கும் அஸ்வெசும கொடுப்பனவுக்கு விண்ணப்பிப்பது பற்றிக் கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரியுங்கள்.

கிழமைக் கடன் விடயத்தில் மச்சாளிடம் பொறுமையாகப் பேசுங்கள். ஊருக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு, குழுவில் சேரும்படி அயலவர் அழைப்பது, ஊர் தன்னை ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகத் தெரியும். அந்த ஆசையை நாம் குறைவாக எண்ணக் கூடாது. ஆனால் 50,000 ரூபாவுக்கு 20 வீத வட்டியை முழு முதலுக்கும் சேர்த்து 52 கிழமைகளில் கட்டச் சொன்னால், கிழமைக்கு 1,154 ரூபா ஆகும். முதல் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி ஏறத்தாழ இரு மடங்கு. அவர் கட்டத் தவறினால் அந்தச் சுமை குழுவிலுள்ள மற்றப் பெண்கள்மீது விழும். எந்த அயலவரை நம்பிச் சேர்ந்தாரோ அவர்களுடனேயே மனக்கசப்பு வரும். நுண்கடனில் சிக்கிய பெண்களுக்காக 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்க நேர்ந்ததை நீங்கள் அறிவீர்கள். அதற்குப் பதிலாக அவரை மாதர் சங்கத்தின் சிறுசேமிப்பில் சேர்த்துவிடுங்கள். ஊரில் மரண உதவிச் சங்கம் இருந்தால் அந்தக் குடும்பத்தின் பெயரைப் பதிந்து, முதல் ஆண்டுச் சந்தாவை நீங்களே கட்டுங்கள். ஒரு சாவீட்டில் தாமும் ஊராராகக் கணக்கெடுக்கப்படுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் பல குடும்பங்களில் கண்டிருக்கிறேன்.

அண்ணனிடம் பிணை மறுப்பைத் தனியாகச் சொல்லாமல், இந்த ஓராண்டுக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டி, அதோடு சேர்த்துச் சொல்லுங்கள். வைப்பு முதிரும் நாளில் மச்சாளையும் வங்கிக்கு அழைத்துச் சென்று, அவர் பெயரில் சேமிப்புக் கணக்கொன்றைத் திறந்து, முதல் மாதத்து 8,000 ரூபாவை அன்றே அதில் போட்டுவிடுங்கள்.