சோலார் கடனுக்கு மேல் கடன்: உபரி மின்சாரம் தவணையைக் கட்டுமா?

கேள்வி: மொட்டை மாடியில் 5 கிலோவாட் சோலார் பேனல் போட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வெளியே கொடுக்கும் மின்சாரத்தை வாங்கும் மின்சாரத்தில் கழித்துக் கணக்கிடும் நெட் மீட்டர் இருப்பதால் யூனிட்டுக்கான கட்டணம் ஏறக்குறைய பூஜ்யம்தான். பேனலைக் கடனில் போட்டேன். சென்ற ஆண்டு பேட்டரிக்காக அதற்கு மேல் ஒரு டாப்-அப் (கூடுதல்) கடன் வாங்கினேன். சோலார் தொழில் செய்யும் என் மைத்துனர் இப்போது இன்னும் 5 கிலோவாட் சேர்க்கச் சொல்கிறார். உபரி மின்சாரத்தை விற்றே தவணையைக் கட்டிவிடலாம் என்கிறார். மறுத்தால் மனைவி வருத்தப்படுவார். மின்கட்டணமே இல்லாதபோதும் மாதக் கடைசியில் கையில் பணம் நிற்பதில்லை. ஏன் என்று புரியவில்லை. என்ன செய்யலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய பில்களையும் கடன் விவரங்களையும் பார்த்தேன். மூன்றாவது கடன் வேண்டாம். மைத்துனரிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள். பணம் ஏன் நிற்பதில்லை என்பதற்கான விடையும் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது.

கணக்கு எளிதாக இருக்க, எல்லாவற்றையும் யூனிட்டிலேயே அளக்கிறேன். ஒரு தவணைக்கு எத்தனை யூனிட் மின்சாரம் வாங்கலாம் என்று பார்ப்போம். பேனல் போடுவதற்கு முன் மாதம் 450 யூனிட் செலவழித்தீர்கள். பேனல் கடனின் தவணை 480 யூனிட்டின் விலைக்குச் சமம். மாதம் 30 யூனிட் கூடுதல் சுமை. கடன் முடிந்தபின் பல ஆண்டுகளுக்குப் பலன். நல்ல முடிவுதான், அதில் எனக்குக் குறை இல்லை. பிறகு பேட்டரிக் கடன் வந்தது: 220 யூனிட். ஆக, மாதம் 700 யூனிட்டுக்கு ஈடான பணம் வெளியே போகிறது. மின்கட்டணத்தில் மிச்சமாவது 450 யூனிட்டின் பணம். ஒவ்வொரு மாதமும் 250 யூனிட் பற்றாக்குறை.

நீங்கள் ஒருவேளை 550 யூனிட் மிச்சமாவதாக நினைத்திருக்கலாம், ஏனென்றால் இப்போது அவ்வளவு பயன்படுத்துகிறீர்கள். மின்சாரம் இலவசம் என்ற எண்ணம் வந்ததும் வீட்டில் ஏசி ஓடும் நேரம் கூடியிருக்கிறது. அந்த 100 யூனிட் வசதியைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. உங்கள் குடும்பச் செலவில் குறைந்தது பழைய பில் மட்டுமே.

உங்களைக் கெடுப்பது சோலார் அல்ல. மிச்சமான பணத்தை வருமானமாக எண்ணி, அதன் பலத்தில் உடனே அடுத்த தவணையைத் தலையில் ஏற்றிக்கொள்ளும் பழக்கம்தான். பேட்டரியில் ஒருமுறை செய்தீர்கள். இப்போது அதையே பெரிதாகச் செய்யப் பார்க்கிறீர்கள்.

மைத்துனர் சொல்லும் ‘விற்றே கட்டிவிடலாம்’ என்பதற்கு வருவோம். நெட் மீட்டரிங் அடிப்படையில் ஒரு கைமாற்று. பகலில் நீங்கள் கொடுத்த யூனிட்டை இரவில் அதே மதிப்புக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிறீர்கள். உங்கள் 5 கிலோவாட், நல்ல வெயில் உள்ள இடத்தில், நாளுக்கு 20 யூனிட், மாதம் 600 யூனிட் போலத் தருகிறது. அதில் 200 யூனிட் பகலிலேயே வீட்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. 400 வெளியே போகிறது, இரவில் 350 உள்ளே வருகிறது. பில்லில் 50 யூனிட் உங்கள் பக்கம் வரவாக நிற்கிறது. கொடுத்த 400 யூனிட்டில் 350-க்கு முழு மதிப்பு கிடைத்தது, இரவில் வாங்கிய 350-ஐ அது அப்படியே கழித்துவிட்டதால்தான். இந்தத் திட்டத்தின் முழு லாபமும் அங்கேதான் இருக்கிறது.

மீதி 50 யூனிட்டின் கதை வேறு. அது மாதாமாதம் சேர்ந்து, ஆண்டுக் கணக்கு முடிக்கும்போது தீர்க்கப்படும். அப்போது மின் நிறுவனம் தரும் விலை, நீங்கள் வாங்கும் விலையைவிடப் பெரும்பாலும் மிகக் குறைவு. சில இடங்களில் ஒன்றும் தராமல் வரவை அழித்துவிட்டு, புது ஆண்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள்.

நீங்கள் ஏற்கனவே தேவைக்கு மேல் உற்பத்தி செய்கிறீர்கள். எனவே புதிய 5 கிலோவாட் தரப்போகும் மாதம் 600 யூனிட்டும் இந்த மலிவான பகுதியில்தான் விழும். தாராளமாக, வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்கிறது என்றே வைப்போம். 600 யூனிட் 200 யூனிட்டின் பணமாகச் சுருங்கும். மைத்துனர் காட்டிய கடனின் தவணையோ 450 யூனிட். மாதம் 250 யூனிட் நஷ்டம், ஏழு ஆண்டுகள், அதாவது 84 மாதங்கள்: 21,000 யூனிட். உங்கள் வீடு இப்போது செலவழிக்கும் வேகத்தில் அது மூன்று ஆண்டுகளுக்கும் மேலான மின்சாரம். கடன் முடிந்தபின் மாதம் 200 வீதம் அதை மீட்க இன்னும் கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் ஆகும். பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சோலார் இன்வெர்ட்டர் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் உழைக்கும். அதற்குள் அதையும் மாற்ற வேண்டிவரும். மைத்துனரின் தாளில் அந்தச் செலவு இல்லவே இல்லை.

இதைவிட என்னைக் கவலைப்பட வைப்பது ஒன்று உண்டு. பேனல் சேர்ப்பது உங்கள் பழைய ஒப்பந்தத்தையே பாதிக்கலாம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 2023 ஏப்ரலில் புதிதாக விண்ணப்பிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு யூனிட் என்ற முறையை நிறுத்திவிட்டு, வெளியே தரும் மின்சாரத்துக்குத் தனியாகக் குறைந்த விலை வைத்தார்கள். அதன் மதிப்பு சராசரியாகச் சுமார் 75 சதவீதம் சரிந்தது. முன்பே இணைந்தவர்களுக்குப் பழைய முறை 20 ஆண்டுகள் தொடரும். ஆனால் பழைய திறனில் 10 சதவீதம் அல்லது 1 கிலோவாட், இவற்றில் எது அதிகமோ அதைத் தாண்டிப் பேனல் சேர்த்தால் அந்தச் சலுகை போய்விடும். அங்கே இன்னொரு மாநிலமான நெவாடாவில் 2015 டிசம்பரில் ஏற்கனவே பேனல் போட்டிருந்தவர்களையும் சேர்த்தே விதியை மாற்றினார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகுதான் அவர்களுக்குப் பழைய முறை திரும்பியது. விதி ஒரே நாளில் மாறும், உங்கள் தவணை மாறாது.

உங்களுக்கும் அப்படி ஒரு மாற்றம் வந்தால் என்ன ஆகும்? வெளியே போகும் 400 யூனிட்டுக்கு மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் 133 யூனிட்டின் பணம் கிடைக்கும். இரவில் வாங்கும் 350-க்கு முழு விலை. பூஜ்யமாக இருந்த பில் மாதம் 217 யூனிட்டாக எழும். உபரிக்கு ஆசைப்பட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் முதல் 5 கிலோவாட்டையும் பணயம் வைக்காதீர்கள்.

பேட்டரி பற்றியும் சொல்லியாக வேண்டும், அதற்கு இப்போது விளம்பரம் கொஞ்சநஞ்சமல்ல. யூனிட்டுக்கு யூனிட் கழியும் வரை, பகல் மின்சாரத்தை இரவுக்குத் தரும் வேலையை மின் இணைப்பே செலவில்லாமல் செய்துவிடுகிறது. பேட்டரியில் ஏற்றி இறக்கினால் பத்தில் ஒரு பங்கு போல வீணாகிறது. மின்தடையின்போது சாதாரண சோலார் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், கம்பியில் வேலை செய்பவர்களின் பாதுகாப்புக்காக. அந்த நேரத்துக்குப் பேட்டரி உதவும். உங்கள் வீட்டில் நீண்ட மின்தடை இருந்தால் அதைப் பாதுகாப்புச் செலவாக ஏற்றுக்கொள்ளலாம். சேமிப்பு என்று மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

மைத்துனரை மறுப்பது அவருடைய அக்காவை மறுப்பதாகாது. மனைவியையும் உட்காரவைத்து இந்த யூனிட் கணக்கைக் காட்டுங்கள். பிறகு மைத்துனரிடம் ஆண்டு முடிவில் உபரிக்கு என்ன விலை, பேனலைக் கூட்டினால் பழைய ஒப்பந்தம் தொடருமா என்ற இரண்டையும் மின் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் வாங்கித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தை போதாது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு அது கடினமான வேலையே அல்ல.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது பேட்டரிக் கடனை முதலில் தீர்ப்பது. அதன் வட்டி பேனல் கடனைவிட அதிகம், மின்கட்டணத்தில் அது ஒரு யூனிட்டையும் குறைக்கவில்லை. அடுத்து கைக்கு வரும் போனஸ் முழுவதையும் அசலில் போடுங்கள். முன்கூட்டியே கட்டினால் அபராதம் உண்டா என்று கடன் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கடன் முடிந்தால் மாதப் பற்றாக்குறை 250-லிருந்து 30 யூனிட்டாக இறங்கும். முடிந்த மாதத்திலிருந்து அந்த 220 யூனிட்டின் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவாருங்கள். இன்வெர்ட்டர் மாற்றும் நாள் வரும்போது நான்காவதாக ஒரு கடன் கேட்டு யாரிடமும் போக வேண்டியிருக்காது.