ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பவுண்டு? பிரிட்டனில் ஊடக வேலைக்குள் நுழைபவர்களின் கேள்விகள்

லண்டனில் தொலைக்காட்சித் தயாரிப்பு மேலாளராக வேலை செய்கிறேன். பதினான்கு வருடத்துக்கு முன் ஒரு பயிற்சித் திட்டம் வழியாக ரன்னராக (தயாரிப்பில் எடுபிடி வேலை செய்யும் கடைநிலை உதவியாளராக) உள்ளே வந்தவள். டைவர்சிட்டி, அதாவது பன்முகத்தன்மை, என்ற சொல்லோடு வரும் விளம்பரங்களுக்கு ஒரு காலத்தில் விண்ணப்பம் போட்டேன். இன்று அதே மாதிரி விண்ணப்பங்களை வாசித்து ஆள் எடுக்கிறேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பள எண்கள் 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தவை. அவை ஒவ்வோர் ஏப்ரலும் மாறும் என்பதால் அரசின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஹாரோ, ஓர் அம்மா): மகளுக்கு 18 வயது. பல்கலைக்கழகம் வேண்டாம், பிபிசி அப்ரண்டிஸ்ஷிப்புக்குப் போடப்போகிறேன் என்கிறாள். வீட்டில் அப்பா பிபிசியின் தமிழோசை வானொலி கேட்டு வளர்ந்தவர். ஆனாலும் 'டிகிரி இல்லாமல் அங்கே போய் என்ன செய்வாய்?' என்று கோபம். என்ன சொல்வது?

பதில்: அப்ரண்டிஸ்ஷிப் என்பது வேலை என்று அப்பாவுக்கு முதலில் விளக்குங்கள் அக்கா. ஒப்பந்தம், பே ஸ்லிப், விடுமுறை எல்லாம் உண்டு. படிப்புச் செலவு பிள்ளையின் தலையில் விழாது. இங்கிலாந்தில் பல்கலைக்கழகக் கட்டணம் 2025–26இல் வருடத்துக்கு 9,535 பவுண்டு வரை போகிறது. ஒலிபரப்புப் பொறியியல் போன்ற துறைகளில் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பும் இருக்கிறது. அதில் சேர்ந்தால் சம்பளத்தோடு பட்டமும் கிடைக்கும். அதைச் சொன்னால் பாதிக் கோபம் அடங்கிவிடும்.

சட்டம் சொல்லும் அப்ரண்டிஸ் அடிமட்டச் சம்பளம் 2025 ஏப்ரல் கணக்கில் மணிக்கு 7.55 பவுண்டு. மகளுக்கு 19 வயதாகி முதல் வருடமும் முடிந்துவிட்டால், வயதுக்குரிய 10 பவுண்டு கொடுத்தாக வேண்டும். பெரிய நிறுவனங்கள் இதற்கு மேலேதான் கொடுக்கின்றன. ஆனால் ஆள் எடுப்பது பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு முறைதான், போட்டியும் கடுமை. பல்கலைக்கழகத்துக்கான யூகாஸ் விண்ணப்பத்தையும் போட்டு வைக்கட்டும். இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுப்பதில் தப்பே இல்லை.

கேள்வி (லெஸ்டர், பட்டதாரி): தேடுவதற்குச் சரியான இடங்கள் எவை? கூகுளில் போட்டால் நூறு பக்கம் வருகிறது.

பதில்: வருபவற்றை முதலில் பிரிக்கப் பழகுங்கள். சம்பள வேலை ஒன்று, படிப்புக்கான உதவித்தொகை ஒன்று, இலவசப் பயிற்சி ஒன்று. மூன்றையும் 'வாய்ப்பு' என்ற ஒரே சொல்லில் போட்டுக் குழப்புகிறார்கள். மூன்றும் நல்லவைதான். ஆனால் வாடகை கட்ட உதவுவது முதலாவது மட்டும்.

சம்பள வேலைக்கு நான் முதலில் சொல்வது கிரியேட்டிவ் ஆக்சஸ் என்ற அமைப்பு. 2012இல் தொடங்கியபோது சிறுபான்மை இனத்தவருக்கான சம்பளமுள்ள இன்டர்ன்ஷிப் மட்டும்தான் நடத்தினார்கள். பிறகு வர்க்கம், உடற்குறை என்று வாசலை அகலமாக்கினார்கள். தொலைக்காட்சி மட்டுமல்ல, பதிப்பகம், நாடகம், இசை எல்லாம் அங்கே வரும். நாடகத் தொடர், சினிமா பக்கம் போக ஆசையென்றால் திரைத்துறைப் பயிற்சி அமைப்பான ஸ்க்ரீன்ஸ்கில்ஸ் நடத்தும் டிரெய்னி ஃபைண்டர் திட்டத்தைப் பாருங்கள். பெரிய செலவில் எடுக்கும் தொடர்கள் தங்கள் பிரிட்டன் செலவில் 0.5 சதவீதத்தைத் திறன் நிதிக்குக் கொடுக்கும் ஏற்பாடு 2013இலிருந்து இருக்கிறது. பயிற்சிக்கான காசு இந்த மாதிரி நிதிகளிலிருந்துதான் வருகிறது.

சேனல் 4க்கு லீட்ஸில் தலைமையகம், பிரிஸ்டலிலும் கிளாஸ்கோவிலும் அலுவலகங்கள். அவர்களின் தயாரிப்புப் பயிற்சித் திட்டம் லண்டனுக்கு வெளியே இருக்கும் சிறு தயாரிப்பு நிறுவனங்களில் சம்பளத்தோடு ஆளை வைக்கிறது. லெஸ்டர்காரருக்கு இது லண்டனில் அறை தேடுவதைவிட மேல். 2005இல் தொடங்கிய மாமா யூத் என்ற அமைப்பு, பின்தங்கிய பின்னணி இளைஞர்களை உண்மையான நிகழ்ச்சித் தயாரிப்பிலேயே போட்டுப் பழக்குகிறது. ரன்னர், ரிசர்ச்சர் வேலைகள் அன்றாடம் வரும் இடம் டேலண்ட் மேனேஜர் தளம். அங்கே டைவர்சிட்டி என்ற பலகை இருக்காது. ஆனால் ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், நான் உட்பட.

ஜர்னலிசம் டைவர்சிட்டி ஃபண்ட், ராயல் டெலிவிஷன் சொசைட்டி கொடுக்கும் பர்சரி இரண்டும் உதவித்தொகை. முதலாவது, பத்திரிகையாளர் பயிற்சி மன்றமான என்சிடிஜே அங்கீகரித்த படிப்புக்கு. எடின்பரோ தொலைக்காட்சி விழாவின் 'த நெட்வொர்க்' இலவசப் பயிற்சி. அங்கே சம்பளம் இல்லை, ஆனால் அறிமுகம் கிடைக்கும் ஆட்கள் நல்லவர்கள்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம், 22 வயது): ரன்னர் வேலைக்கு வாரம் 600 பவுண்டு, 'விடுமுறைக் காசு உட்பட' என்கிறார்கள். முதல் வேலை. நல்ல சம்பளம்தானே?

பதில்: கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கால்குலேட்டரை எடுங்கள்.

இந்தத் துறையில் ஒரு நாள் வேலை என்றால் பெரும்பாலும் பத்து மணி நேர வேலை, அதோடு ஒரு மணி நேரச் சாப்பாடு. ஐந்து நாளுக்கு 50 மணி நேரம். 'விடுமுறைக் காசு உட்பட' என்றால், அந்த 600க்குள்ளே அடிப்படைச் சம்பளத்தின் 12.07 சதவீதம் விடுமுறைக் காசாக ஒளிந்திருக்கிறது. அதைப் பிரித்தால் மிச்சம் சுமார் 535 பவுண்டு. 50ஆல் வகுத்தால் மணிக்கு 10.71. உங்கள் வயதுக்குச் சட்டப்படி, 2025 ஏப்ரல் கணக்கில், 12.21 வேண்டும். அதாவது அந்த வாரத்துக்கு விடுமுறைக் காசோடு சேர்த்துக் குறைந்தது 684 பவுண்டு தர வேண்டியவர்கள் 600ஐக் காட்டி உங்களைச் சந்தோஷப்படுத்துகிறார்கள்.

எல்லோரும் வேண்டுமென்றே செய்வதில்லை. பழைய பட்ஜெட் தாளைத் திருத்தாமல் அப்படியே போடுகிற கோஆர்டினேட்டர்களை எனக்குத் தெரியும். (ஒரு வருடம் நானே அதைச் செய்தேன். கணக்காளர் கூப்பிட்டுச் சொன்னதும் முகம் சிவந்துபோனது.) அதனால் சண்டைக்குப் போகாமல் ஒரு வரி எழுதுங்கள்: 'ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஒப்பந்தம், விடுமுறைக் காசு தனியாகவா உள்ளேயா, சற்று உறுதிப்படுத்துவீர்களா?' பாதிப் பேர் தாங்களே திருத்திவிடுவார்கள். இன்னொன்று: காலையில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து வேனில் சாமான் ஏற்றுவதும் வேலை நேரம்தான். வீட்டிலிருந்து வரும் பயணம் மட்டும் சேராது. ரன்னரை 'சுயதொழில் ஆளாக இன்வாய்ஸ் போடு' என்று கேட்டாலும் கொஞ்சம் யோசியுங்கள். அந்த வேலைக்கு வழக்கம் பிஏஒய்இ, அதாவது முதலாளியே வரியைப் பிடித்துக்கொண்டு சம்பளம் தரும் முறை.

கேள்வி (குராய்டன்): ஒரு பாட்காஸ்ட் நிறுவனம் மூன்று மாத இன்டர்ன்ஷிப் தருகிறது. சம்பளம் இல்லை, 'அனுபவமும் பெயரும் கிடைக்கும்' என்கிறார்கள். 'தன்னார்வலர்' என்று கையெழுத்தும் கேட்கிறார்கள்.

பதில்: குறித்த நேரத்துக்கு வா, இதை எடிட் பண்ணு, அதை வெள்ளிக்கிழமைக்குள் முடி என்று சொன்னால் நீங்கள் தொழிலாளி. கையெழுத்துப் போட்டு அந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சட்டம் இடம் தராது. விலக்குகள் சில உண்டு. பிரிட்டன் உயர்கல்விப் படிப்பின் கட்டாயப் பகுதியாக ஒரு வருடத்துக்கு உட்பட்ட பயிற்சி, அறக்கட்டளையில் செய்யும் தன்னார்வ வேலை, எதையும் செய்யாமல் பக்கத்தில் நின்று பார்ப்பது. உங்கள் பாட்காஸ்ட் நிறுவனம் இதில் எதிலும் வராது. ஏற்கெனவே இப்படி வேலை செய்து முடித்தவர்கள் வேலை உரிமைகளுக்கு இலவச ஆலோசனை தரும் ஏகாஸை அழைத்துப் பேசுங்கள். குறைந்தபட்சச் சம்பளப் பாக்கியை ஆறு வருடம் வரை பின்னோக்கி வசூலிக்க வழி உண்டு. மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள்.

கேள்வி (லீட்ஸ், மாணவர்): அக்கா, கோயம்புத்தூரிலிருந்து வந்து இங்கே மாஸ்டர்ஸ் படிக்கிறேன். ஸ்டூடண்ட் விசா. இந்தத் திட்டங்களில் எனக்கு இடம் உண்டா? ஒரு யூடியூப் சேனலுக்கு ஃப்ரீலான்ஸாக எடிட் பண்ணித் தரக் கேட்கிறார்கள்.

பதில்: அந்த ஃப்ரீலான்ஸ் வேலையைத் தொடாதீர்கள் தம்பி. ஸ்டூடண்ட் விசாவில் சுயதொழில் கூடாது, தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. சம்பளப் பட்டியலில் உங்களைச் சேர்த்துக்கொள்ளும் வேலையென்றால், பட்டப்படிப்பு மாணவருக்குப் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை செய்யலாம். மாஸ்டர்ஸ் பிள்ளைகள் விழும் குழி ஒன்று இருக்கிறது. கோடையில் வகுப்பு இல்லை என்றாலும் ஆய்வேடு எழுதும் மாதங்கள் பொதுவாகப் படிப்புக் காலமாகவே கணக்காகும். அப்போது முழுநேரம் வேலை செய்தால் விதியை மீறியதாகிவிடும். பல்கலைக்கழக விசா ஆலோசகரிடம் தேதியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு நிதி பெறும் அப்ரண்டிஸ்ஷிப் உங்களுக்கு இல்லை. படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா எடுத்தால் ஃப்ரீலான்ஸ் உட்பட வாசல் திறக்கும். இப்போது அது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு, பிஎச்டி தவிர, 18 மாதம்தான். அதற்குப் பிறகு ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு நிறுவனம் ஸ்பான்சர் பண்ண வேண்டும், பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்டு, புதிதாக நுழைபவருக்கு 33,400. ரன்னர் வேலையில் அந்த வழி அநேகமாகக் கிடைக்காது. இனிப்பாகச் சொல்ல எனக்கு மனமில்லை. தயாரிப்பை விட ஒலிபரப்புப் பொறியியல், மென்பொருள், விஎஃப்எக்ஸ் போன்ற நிரந்தர வேலைகளில்தான் உங்களுக்கு நடைமுறையில் வழி இருக்கிறது. கிராஜுவேட் விசாவின் முதல் மாதத்திலிருந்தே அதை மனதில் வைத்து நகருங்கள்.

கேள்வி (டூட்டிங்): படிவத்தில் இனம் கேட்கிறார்கள். 'ஏசியன்' என்று போட்டு வேலை வாங்கினால் திறமையால் வாங்கியதாக ஆகுமா? அதோடு, இலங்கைத் தமிழருக்குப் பெட்டியே இல்லை. அப்பாவின் தொழிலையும் ஏன் கேட்கிறார்கள்?

பதில்: மூன்று கேள்வி, கடைசியிலிருந்து வருகிறேன். 'உங்களுக்குச் சுமார் 14 வயதாக இருந்தபோது வீட்டில் அதிகம் சம்பாதித்தவரின் தொழில் என்ன?' என்பதுதான் கேள்வி. வர்க்கப் பின்னணியை அளக்க அது ஒரு வழி. நம் பிள்ளைகள் இங்கே பிழையாக எழுதுகிறார்கள். அப்பா யாழ்ப்பாணத்தில் பொறியியலாளர், இங்கே வந்து பெட்ரோல் ஷெட்டில் இரவு வேலை. பிள்ளை கௌரவத்துக்காக 'இன்ஜினியர்' என்று போடும். கேட்டது 14 வயதில் என்ன என்று. உண்மையை எழுதுங்கள். சிறுகடை வைத்திருந்தால் அதற்கும் தெரிவு இருக்கும். இலவசப் பள்ளி உணவு வாங்கினீர்களா, பெற்றோர் பல்கலைக்கழகம் போனார்களா என்றும் கேட்பார்கள்.

பெட்டி விஷயம்: 'வேறு ஆசியப் பின்னணி' என்பதில் அடையாளமிட்டு, எழுத இடமிருந்தால் 'இலங்கைத் தமிழர்' என்று எழுதுங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

இனி அந்தக் குற்ற உணர்வு. 2010 சமத்துவச் சட்டத்தின்படி, ஒரு துறையில் குறைவாக இருக்கும் பிரிவினருக்குப் பயிற்சியும் ஊக்கமும் குறிவைத்துக் கொடுக்கலாம். சம தகுதியுள்ள இருவரில் ஒருவரைத் தேர்வதற்கும் அந்தக் காரணத்தை எடுக்கலாம். தகுதி குறைந்தவருக்கு இனத்துக்காக வேலை கொடுப்பது சட்டவிரோதம். கண்காணிப்புப் படிவம் பொதுவாக விண்ணப்பத்திலிருந்து பிரிக்கப்பட்டுவிடும், நான் ஆள் எடுக்கும்போது அது என் கண்ணுக்கே வருவதில்லை. மாமாவின் நண்பர் வழியாக உள்ளே வந்தவர்கள் யாரும் 'இது திறமையா?' என்று என்னிடம் கேட்டதில்லை. அப்படி வந்தவர்கள் ஏராளம்.

கேள்வி (கிளாஸ்கோ): நான் காது கேளாதவர், பிஎஸ்எல் (பிரிட்டிஷ் சைகை மொழி) பேசுகிறேன். விண்ணப்பத்திலேயே சொல்ல வேண்டுமா?

பதில்: நேர்முகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்வது அவர்கள் கடமை. அதற்கு மேல் உடல்நிலை பற்றி வேலை கொடுக்கும் முன் துருவிக் கேட்க, சில விதிவிலக்குகள் தவிர, அவர்களுக்கு அனுமதி இல்லை. வேலை கிடைத்ததும் 'ஆக்சஸ் டு வொர்க்' நிதிக்கு நீங்களே விண்ணப்பிக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளர், கருவி, டாக்ஸி எல்லாம் அதில் வரும், ஃப்ரீலான்ஸ் ஆட்களும் கேட்கலாம். தாமதம் மிக அதிகம். வேலை நான்கு வாரத்துக்குள் தொடங்குகிறது என்றால் தேதியைத் தெளிவாகப் போடுங்கள், முன்னுரிமை உண்டு. பிபிசியின் 'எக்ஸ்டெண்ட்' திட்டம் உடற்குறை உள்ளவர்களுக்கே ஆனது, அதையும் பாருங்கள்.

கேள்வி (சட்டன், 36 வயது): பத்து வருடம் கணக்காளர். இனி இந்தத் துறைக்கு வருவது பைத்தியக்காரத்தனமா?

பதில்: நீங்கள் சீக்கிரம் வாருங்கள்! தயாரிப்புக் கணக்காளர்களுக்கு எப்போதும் தட்டுப்பாடு. ஸ்க்ரீன்ஸ்கில்ஸில் அதற்கென்றே பயிற்சி பாருங்கள். சம்பளம் குறையாமல் துறை மாற எனக்குத் தெரிந்த மிகக் குறுகிய பாதை இது. நம் வீடுகளில் இத்தனை கணக்காளர்கள் இருந்தும் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை.

கேள்வி (வெம்பிளி): 'டிரெய்னி பட்டியலில்' பெயர் சேர்க்க 350 பவுண்டு கேட்கிறார்கள்.

பதில்: கொடுக்காதீர்கள். வேலை தேடித் தருவதற்கு ஆளிடமே காசு வாங்குவதை 1973ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நடிகர், ஒளிப்பதிவாளர் போன்ற சில தொழில்களுக்கு விலக்கு உண்டு, ரன்னர் அந்தப் பட்டியலில் இல்லை.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): சிவியில் எதைச் சேர்த்தால் உடனே அழைப்பு வரும்?

பதில்: ஓட்டுநர் உரிமம்.

கேள்வி (பர்மிங்ஹாம்): ஆறு மாதத் திட்டம் முடிந்து இரண்டு மாதம். எல்லோரும் கட்டிப்பிடித்து அனுப்பினார்கள். அதற்குப் பிறகு ஒரு அழைப்பும் இல்லை.

பதில்: எனக்கு அது நான்கு மாதம். ஒரு நிறுவனம் 'நீ எங்கள் குடும்பம்' என்று சொல்லி அனுப்பிவிட்டுப் பிறகு மின்னஞ்சலுக்கே பதில் போடவில்லை. ஈஸ்ட் ஹாமில் நகைக்கடையில் வேலை செய்து வாடகை கட்டினேன், அம்மாவிடம் 'ஷூட்டிங்' என்று சொல்லி.

இன்று மறுபக்கம் நின்று பார்க்கும்போது விளங்குகிறது, அவர்கள் உங்களை வெறுக்கவில்லை. புதுத் தயாரிப்பு தொடங்கும் திங்கட்கிழமை யார் சும்மா இருக்கிறார் என்று தேடும்போது உங்கள் பெயர் முன்னால் இல்லை, அவ்வளவுதான். எனவே வேலை செய்த கோஆர்டினேட்டர்கள், தயாரிப்பு மேலாளர்கள் பெயரைப் பட்டியல் போடுங்கள். திட்டத்தை நடத்தியவர்களுக்கு அல்ல, ஆள் எடுப்பவர்களுக்கு எழுதுங்கள். மூன்று வரி போதும்: எங்கே சேர்ந்து வேலை செய்தோம், எந்தத் தேதியிலிருந்து சும்மா இருக்கிறேன், கார் ஓட்டுவேனா. ஆறு வாரத்துக்கு ஒருமுறை தேதியை மாற்றி மறுபடி அனுப்புங்கள், அதை யாரும் தொல்லையாக எடுப்பதில்லை. காசு மிகவும் இறுகினால் ஃபிலிம் அண்ட் டிவி சேரிட்டிக்குப் பேசுங்கள், 24 மணி நேரமும் இலவச உதவி எண் இருக்கிறது. அடுத்த ஒப்பந்தம் வருமுன் திரைத்துறை ஊழியர்களின் பெக்டு தொழிற்சங்கம் வெளியிடும் சம்பள விகிதப் பட்டியலையும் ஒருமுறை வாசித்துவிடுங்கள்.

நான் அன்று பதினொரு பேருக்கு எழுதினேன். இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் 'இப்போது இல்லை' என்றார். மற்றவர், 'செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு வாட்ஃபர்டில் நிற்க முடியுமா?' என்று கேட்டார்.