தினம் 5 மணி நேரம் கேம் ஆடினால் அடிமையா?

தினம் 5 மணி நேரம் வீடியோ கேம் ஆடுகிறான் என்ற மணிக்கணக்கை மட்டும் வைத்து உங்கள் மகன் அடிமையாகிவிட்டான் என்று சொல்ல முடியாது. கேம் அடிமைத்தனம் என்றொரு கோளாறு இருப்பது உண்மைதான். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியலில் அது உண்டு, அந்தப் பட்டியல் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் கேம் பின்னுக்குத் தள்ளுவது, கெடுதல் வந்தும் தொடர்வது, இந்த மூன்றும் பொதுவாக 12 மாதமாவது நீடிக்க வேண்டும்.

"இன்னும் ஒரே மேட்ச்" என்று இரவு நீள்வதற்குப் பெரும்பாலும் கேமின் அமைப்பே காரணம்: தினசரி லாகின் பரிசு, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பரிசுப் பெட்டியான லூட் பாக்ஸ், பாதியில் விலகினால் குறையும் ரேங்க். மேட்ச் நடுவே வைஃபையை அணைத்தால் யாருக்கும் கோபம் வரும். அதை அறிகுறியாக எடுக்காதீர்கள்.

இரண்டு வாரம் இதைச் செய்து பாருங்கள். ஆட உட்காரும் முன் எத்தனை மணிக்கு நிறுத்துவான் என்று அவனே எழுதட்டும். கேமை விட்டு எழுந்த நேரத்தையும் பக்கத்தில் குறிக்கட்டும். ஒரு மேட்ச் அளவு தாண்டுவது சகஜம். தினமும் இரண்டு மணி நேரம் தள்ளிப்போய், தூக்கமும் படிப்பும் நண்பர்களும் நழுவினால் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

கேமுக்கு முன்பே சோர்வோ தனிமையோ இருந்ததா என்பதும் முக்கியம். மனச்சோர்வில் இருக்கும் பிள்ளைகள் கேமுக்குள் ஒதுங்குவதுண்டு; அப்போது போனைப் பிடுங்குவதால் மூலக்காரணம் தீராது.